இரட்டைச் சொடுக்கு: இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா?

கணினி பயிலத் தொடங்கும் மாணாக்கன் முதல் வாரத்திலேயே ஒரு வினாவை எழுப்புகிறான். "ஐயா, எப்போது ஒருமுறை சொடுக்க வேண்டும்? எப்போது இருமுறை சொடுக்க வேண்டும்?" இவ்வினாவுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "பழகப் பழகத் தானே வந்துவிடும்" என்பதே. இலக்கண வகுப்பில் வல்லினம் மிகும் இடம் எது, மிகா இடம் எது என்று கேட்கும் மாணாக்கனுக்கு இவ்விடையைக் கூறினால் அவ்வாசிரியரை எவரும் மெச்சமாட்டார். (அங்கும் அவ்வாறு கூறித் தப்பித்துக்கொள்வார் உளர், அது வேறு செய்தி.) சொடுக்குதலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தைத் தமிழாசிரியர் எளிதில் விளக்கவும் கூடும். ஏனெனில், அதற்கு வேண்டிய கருவிகள் நம் இலக்கண நூல்களிலேயே கிடக்கின்றன.

குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி முதலிய ஜொகூர் வட்டாரங்களின் தோட்டப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு இவ்வினா இன்று முன்னிலும் பெரிதாகிவிட்டது. மலேசியக் கல்வி அமைச்சு 2020 இல் தொடங்கிய டெலிமா என்னும் கற்றல் தளம் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களின் கருவிகளையும் தன்னகத்தே கொண்டது. பள்ளியில் ஒருவகைக் கணினி, அண்ணன் கொண்டுவந்த மடிக்கணினி வேறொரு வகை, கையில் கைப்பேசி என்று ஒரே பிள்ளை மூன்று வழக்குகளைச் சந்திக்கிறது. ஒன்றில் கற்றது மற்றொன்றில் பொய்க்கும்போது, பிள்ளை தன் கைமேல் ஐயுறுகிறதேயன்றிக் கணினிமேல் ஐயுறுவதில்லை.

முதலில் சொல்லை நோக்குவோம். மலாய்மொழியில் சுட்டியைத் 'தெத்திக்குஸ்' என்பர். 'திக்குஸ்' என்றால் எலி. அதன் முதலசையை இரட்டித்தால் எலி போன்றது என்னும் பொருள் பிறக்கிறது. 'ஜாரி' என்னும் விரல் 'ஜெஜாரி' என்னும் வட்டத்தின் ஆரமாவதும் இம்முறையினாலேயே. ஆக, சுட்டியின் மலாய்ப் பெயரே ஓர் இரட்டிப்பு. இருமுறை சொடுக்குதலை அம்மொழியார் 'டுவிகிளிக்' என்றனர். தமிழில் 'இரட்டைச் சொடுக்கு' என்பது நிலைத்துவிட்டது. சொடுக்கு என்பது நல்ல சொல். விரலை நொடித்து ஒலியெழுப்புவதைக் குறித்த பழஞ்சொல், பொத்தானின் ஒலிக்கும் இயல்பாகப் பொருந்தியது. இடர் தருவது 'இரட்டை' என்னும் அடை. இரட்டை என்றதும் தமிழ் பயின்றவர் நெஞ்சில் இரட்டைக்கிளவி வந்து நிற்கும். இருமுறை சொடுக்குதல் அவ்வகையினதா?

இரட்டைக்கிளவியின் இயல்பு எல்லாரும் அறிந்ததே. சலசல, கலகல, மளமள என்பன இரட்டித்தே நிற்கும். பிரித்தால் பொருள் தரா. தொல்காப்பியர் இதனைக் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். அடுக்குத்தொடர் அவ்வாறன்று. 'பாம்பு பாம்பு' என்று ஒருவன் அலறும்போது முதற்சொல்லே பொருளுடையது. இரண்டாவது வந்து அப்பொருளுக்கு விரைவையும் அச்சத்தையும் ஏற்றுகிறது. முதற்சொல்லைக் கேட்ட அளவிலேயே அருகில் நிற்பவன் காலைத் தூக்கிவிடுவான், இரண்டாவதற்காகக் காத்திருக்கமாட்டான்.

இனிக் கணினியில் ஒரு கோப்பின் உருவின்மேல் இருமுறை சொடுக்கும்போது நிகழ்வதைக் கூர்ந்து காண்க. முதற்சொடுக்கில் அக்கோப்பு நிறம் மாறுகிறது. அதாவது, 'இதனையே குறித்தேன்' என்று தேர்ந்தாயிற்று. இரண்டாம் சொடுக்கில் அது திறக்கிறது. முதலாவது தனித்து நின்றாலும் பொருள் தரும். இரண்டாவது அதன்மேல் ஏறி நிற்கும். எனவே இஃது இரட்டைக்கிளவி அன்று. அடுக்கே என்பது தேற்றம். அடுக்குச் சொடுக்கு என்றே பெயரிட்டிருந்தால் ஒரு பாடம் மிச்சமாகியிருக்கும்.

இவ்வமைப்பு தற்செயலாக நேர்ந்ததன்று. 1981 இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணினியின் சுட்டியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. அதில் ஒன்றைத் திறக்க வேண்டுமாயின், சுட்டியால் தேர்ந்தபின் விசைப்பலகையில் அதற்கென இருந்த தனி விசையை அழுத்த வேண்டும். பெயர்ச்சொல்லைச் சுட்டியும் வினைச்சொல்லை விசையும் உரைத்தன எனலாம். 1983 இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசாவும், 1984 இல் மேக்கின்டாஷும் ஒரே பொத்தானுடைய சுட்டியோடு வந்தன. பல பொத்தான்கள் புதியவரை மயக்கும் என்று வற்புறுத்தியவருள் லாரி டெஸ்லர் குறிப்பிடத்தக்கவர். பொத்தான் ஒன்றே, சொல்ல வேண்டியவையோ பல. அப்போதுதான் காலத்தை எழுத்தாக்க வேண்டியதாயிற்று. ஒரே பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் வேறொரு வினை என்று வகுத்தனர். முதற்சொடுக்கின் பொருளை இரண்டாவது வளர்க்க வேண்டுமேயன்றி மாற்றக்கூடாது என்னும் நெறியும் இவ்வமைப்பிலேயே அடங்கியிருந்தது.

அந்நெறி ஏன் வேண்டும்? கணினி வருங்காலம் அறியாதது. முதற்சொடுக்கு வந்தவுடன், இன்னொன்று வருமா வராதா என்று அதற்குத் தெரியாது. இரண்டும் தொடர்பற்ற இருபொருள் தருமாயின், அது கைகட்டிக் காத்திருந்து பார்த்தே முதலாவதைச் செய்ய இயலும். 2007 இல் ஐபோன் வந்தபோது இவ்விடரே நேர்ந்தது. இணையப் பக்கத்தில் ஒருமுறை தட்டினால் இணைப்பு திறக்கும். இருமுறை தட்டினால் பக்கம் பெரிதாகும். இரண்டும் வெவ்வேறு. ஆகவே ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் உலாவி ஏறத்தாழ 300 மில்லிநொடி காத்திருந்தது. கைப்பேசி சோம்பியிருப்பதாக மக்கள் எண்ணினர். பிற்பாடு, கைப்பேசிக்கென அமைந்த பக்கங்களில் அக்காத்திருப்பை நீக்கினர். அடுக்கு நெறியில் இத்தொல்லை இல்லை. முதற்பொருளை உடனே செய்துவிடலாம்; இரண்டாவது வந்தால் மேலும் செய்யலாம்; வராவிட்டாலும் குறைவில்லை.

இதற்கு வரலாற்றிலேயே மற்றொரு சான்றுண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இல் நெக்ஸ்ட் கணினியில் இயற்றிய முதல் உலாவியில், ஓர் இணைப்பைத் தொடர இருமுறை சொடுக்க வேண்டும். இன்று ஒருமுறையே போதும். காரணம் எளிது. அம்முதல் உலாவி படிக்கவும் எழுதவும் ஆவது. ஆதலால் முதற்சொடுக்கு எழுதுமிடத்தைக் குறிக்கும் வேலையை ஏற்றிருந்தது. பின்வந்த உலாவிகள் படிப்பதற்கு மட்டுமே ஆயின. முதற்சொடுக்குக்கு வேறு வேலை இல்லாமற் போனதும் இரண்டாவது வேண்டாததாயிற்று. மாணாக்கனின் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. எடுக்கவும் நகர்த்தவும் பெயர் மாற்றவும் ஆகும் பொருளாயின், அதனைத் தேர்வதற்கு ஒன்று, திறப்பதற்கு இன்னொன்று. இணைப்பு, பட்டி, பொத்தான் போல ஏவலாகவே நிற்பதாயின் ஒன்றே போதும். ஏவலைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை அன்றோ? விண்டோஸ் 95 இன் தொடக்கப் பட்டியில் ஒரு சொடுக்கே திறக்க, அதே செயலியின் உரு மேசைத்தளத்தில் இருந்தால் இரு சொடுக்கு கேட்பது பலருக்கும் முரணாகத் தோன்றும். மேற்கூறிய விதியைக் கொண்டு நோக்கினால் முரண் அன்று: அங்கு ஏவல், இங்குப் பொருள்.

போட்டிக் கணினிகள் இவ்விதியை எவ்வாறு போற்றின? 1985 இல் வெளிவந்த காமடோர் அமிகாவும் அதே ஆண்டின் அட்டாரி எஸ்.டி.யும் இரண்டு பொத்தான் சுட்டியுடையவை. அமிகாவில் வலப்பொத்தான் பட்டிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பொத்தான் இரண்டிருந்தும், கோப்பைத் திறப்பதற்கு இவ்விரு கணினிகளும் இடப்பொத்தானை இருமுறை சொடுக்கும் மேக்கின்டாஷ் வழக்கையே மேற்கொண்டன. வேண்டா இடத்தும் தொடர்ந்த வழக்கு எனலாம்; மொழியிலும் இத்தகையன பல உண்டு. பிரிட்டிஷ் பள்ளிகளில் புழங்கிய ஏகார்ன் ஆர்க்கிமிடிஸ் மூன்று பொத்தானுடையது. அதில் ஓர் அடைவை ஒரு பொத்தானால் இருமுறை சொடுக்கினால் அது திறக்கும். வேறொரு பொத்தானால் இருமுறை சொடுக்கினால் அது திறப்பதோடு, அதனை உள்ளடக்கியிருந்த தாயடைவு மூடிக்கொள்ளும். நுட்பமான ஏற்பாடு, ஆயினும் பரவவில்லை.

கோப்பைத் திறப்பதில் ஒன்றுபட்டவர்கள் சாளரத்தின் தலைப்புப் பட்டையில் பிரிந்தனர். விண்டோஸில் தலைப்புப் பட்டையை இருமுறை சொடுக்கினால் சாளரம் திரை முழுதும் விரியும். 1994 இல் வந்த மேக்கின்டாஷ் ஏழரைப் பதிப்பில் அதே செயலைச் செய்தால் சாளரம் சுருண்டு பட்டை மட்டும் எஞ்சும். 2001 இல் வந்த அடுத்த தலைமுறை மேக் அதனைக் கீழே டாக் என்னும் வரிசைக்குள் ஒடுக்கியது. ஒரே சொல் ஓரூரில் 'விரி' என்றும் மற்றோரூரில் 'சுருங்கு' என்றும் பொருள்பட்டால் ஊர்மாறி வருபவர் என் செய்வார்? 2014 க்குப்பின் மேக்கும் விரிக்கும் வழக்கை மேற்கொண்டதால் இவ்வேறுபாடு ஒருவாறு தணிந்தது.

இதனினும் பெரிய குறை விண்டோஸ் சாளரத்தின் இடப்பக்க மேல்மூலையில் உள்ளது. அங்கிருக்கும் சிற்றுருவை ஒருமுறை சொடுக்கினால் ஒரு பட்டி விரியும். இருமுறை சொடுக்கினால் சாளரமே மூடிவிடும். பட்டியைக் காட்டுவதற்கும் சாளரத்தை மூடுவதற்கும் என்ன உறவு? முதலாவது 'வா' என்கிறது, இரண்டாவது 'போ' என்கிறது. அடுக்கு நெறி இங்கு முற்றும் முறிந்தது. இக்குறை பழைய பதிப்புகளோடு ஒழியாமல் இன்றும் பல செயலிகளில் எஞ்சியிருக்கிறது.

இனிக் காலத்தை நோக்குவோம். தமிழ் இலக்கணம் ஒலியை மாத்திரையால் அளந்தது. மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தது. கைந்நொடி என்பது சொடுக்கே. சொடுக்கினால் காலத்தை அளந்த மொழியில், காலத்தால் சொடுக்கை அளக்கும் கருவி வந்து சேர்ந்தது வியப்பே. விண்டோஸின் இயல்பான அளவு அரை நொடி, அதாவது 500 மில்லிநொடி. அதற்குள் இரண்டாம் சொடுக்கு வந்தால்தான் அடுக்கு. கடந்தால் இரண்டு தனிச் சொடுக்குகள். இரண்டிற்குமிடையே சுட்டி சில புள்ளிகளுக்குமேல் நகரவும் கூடாது.

இவ்வெல்லையைக் கடந்தால் ஒன்றும் நிகழாது என்று எண்ணுவது தவறு. 1991 இன் மேக்கின்டாஷ் ஏழாம் பதிப்பிலும் விண்டோஸ் 95 இலும் கோப்பின் பெயர்மேல் மெல்லச் சொடுக்குவதற்கு வேறு பொருள் வந்துவிட்டது. பெயர் திருத்தத்துக்குத் திறந்துகொள்ளும். அடுத்துத் தட்டும் எழுத்துப் பழைய பெயரை அழித்து அங்கே அமரும். விரைந்தால் திறத்தல், தாழ்த்தால் பெயர் மாற்றல். கல் என்பதும் கால் என்பதும் ஒரு மாத்திரையால் வேறுபடுதல் போன்றதே இது. ஆனால் குறிலையும் நெடிலையும் குழந்தை தாய்மடியில் கேட்டுப் பழகுகிறது. இவ்வரை நொடியை யாரும் ஒலித்துக் காட்டுவதில்லை.

இதனால் வருந்துபவர் யாவர்? சிறுபிள்ளைகள் விரைவில் தேறிவிடுவர். தேறாதவர் அவர்தம் பாட்டன் பாட்டிமார். முப்பது நாற்பது ஆண்டு பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த விரலுக்கும், மூட்டு இறுகிய கைக்கும் அரை நொடி குறுகியது. பேரப்பிள்ளையின் படங்கள் அடங்கிய அடைவைத் திறக்க முயன்று அதன் பெயரையே அழித்துவிட்டுக் கணினி கெட்டுப்போயிற்று என்று அஞ்சி எழுந்துவிடும் முதியோர் பலர். அவர்களைக் கைபழகவில்லை என்று கடிதல் முறையன்று. அளவை நீட்ட வழியுண்டு. அமிகா தொடக்கத்திலேயே இவ்விடைவேளையைப் பயனர் மாற்றிக்கொள்ள இடந்தந்தது. அட்டாரியின் கட்டுப்பாட்டுப் பலகமும் தந்தது. மேக்கின்டாஷ் மூன்று அளவுகளை வைத்தது. விண்டோஸ் 95 இல் சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி இருந்தது. சரியாக இருமுறை சொடுக்கினால் அதிலிருந்து ஒரு பொம்மை துள்ளியெழும். இன்று அவ்விடத்தில் ஓர் அடைவு திறந்து மூடுகிறது. அவ்வளவை 200 முதல் 900 மில்லிநொடி வரை நகர்த்தலாம். மேக்கிலும் சுட்டிக்குரிய அமைப்புகளில் இதற்கு இடமுண்டு. முதியோருக்குக் கணினி கற்பிக்கும் எந்த வகுப்பிலும் முதற்பாடமாக வேண்டுவது இதுவே. வேறெதுவும் பின்னர் வரலாம்.

தமிழாசிரியர் நாள்தோறும் செய்யும் இரட்டைச் சொடுக்கு வேறொன்று: கட்டுரையில் ஒரு சொல்லைத் தேர்தல். ஒருமுறை சொடுக்கினால் இடம், இருமுறையால் சொல், மும்முறையால் பல செயலிகளில் பத்தி முழுதும் அடங்கும். இங்கும் ஒவ்வொன்றும் முன்னதைத் தன்னுள் அடக்கி வளர்வதால் இது தூய அடுக்கு. விரைவுபற்றி அடுக்கும் சொல்லுக்கு மூன்றே வரம்பு என்று தொல்காப்பியர் எச்சவியலில் கூறியதும் இங்கு நினையத்தக்கது. பெரும்பாலான எழுதுசெயலிகள் மூன்றோடு நின்றுவிடுகின்றன.

ஆயினும் சொல் எங்கே முடிகிறது என்பதில் இரு கணினிகளும் வேறுபடுகின்றன. மேக் சொல்லை மட்டும் கொள்ளும். விண்டோஸ் செயலிகள் பல சொல்லையும் அதன் பின்னுள்ள இடைவெளியையும் சேர்த்துக் கொள்ளும். 'அவன் பள்ளி சென்றான்' என்று மாணாக்கன் எழுதியதில் 'பள்ளி' என்பதை இருமுறை சொடுக்கிப் 'பள்ளிக்குச்' என்று தட்டினால், மேக்கில் 'அவன் பள்ளிக்குச் சென்றான்' என அமையும். விண்டோஸின் எளிய எழுதிகளில் 'அவன் பள்ளிக்குச்சென்றான்' என்று ஒட்டிக்கொள்ளும். ஏட்டுச்சுவடி எழுதியவர் இதனைப் பிழை என்று கூறார். சுவடியில் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கமே இல்லை. இன்று தாள் திருத்தும் ஆசிரியர் பிழை என்றே கொள்வார். மாணாக்கன் செய்யாத பிழை அது.

இவ்விரண்டும் ஒருசேர வழுவிய காலமும் இருந்தது. யூனிகோடு பரவுவதற்குமுன், முரசு அஞ்சல் முதலியவற்றில் பயின்ற தகுதரக் குறியீட்டில் தமிழெழுத்துகள் பிறமொழிக் குறிகளின் இருக்கைகளில் அமர்ந்திருந்தன. தகரம் முக்கால் என்னும் பின்னக் குறியின் இடத்திலும், இகரத்தின் விசிறி சென்ட் காசுக் குறியின் இடத்திலும் இருந்தன. ஆதலால் 'தமிழில்' என்ற சொல்லை இருமுறை சொடுக்கினால், உள்ளிருந்த குறிகளை எழுத்தல்ல என்று கொண்ட செயலிகள் சொல்லின் நடுவே நின்றுவிட்டன. விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழை ஏற்ற பின்னரும், பின்னர் ஆப்பிளும் ஏற்ற பின்னரும் அக்குறை நீங்கியது.

நீங்காதது ஒன்றுண்டு. தமிழைப் பொறுத்தவரை இரு கணினிகளும் இடைவெளியைக்கொண்டே சொல்லை அறிகின்றன. இடைவெளியற்ற சயாம் மொழிக்கு அகராதியைத் துணைக்கொள்ளும் இக்கருவிகள், தமிழுக்கு அவ்வாறு செய்வதில்லை. ஆகவே அவை காட்டும் சொல் அச்சுக்கோப்பவர் சொல்லேயன்றி இலக்கணியின் சொல் அன்று. 'கற்றுக் கொண்டான்' என்று பிரித்து எழுதினால் 'கற்றுக்' என்னும் குறையுடம்பு தேர்வாகும். 'கற்றுக்கொண்டான்' என்று சேர்த்தால் முழுவினையும் தேர்வாகும். நூறு சொற்களில் எழுதுக என்னும் கட்டுரை வினாவில் முதலாமவன் இரண்டாகவும் அடுத்தவன் ஒன்றாகவும் எண்ணப்படுவான்.

இரட்டைக்கிளவிக்கு இது மிகவும் ஊறு செய்கிறது. பயிற்சித் தாள்களில் சிலர் 'சலசல' என்று சேர்த்தும் சிலர் 'சல சல' என்று பிரித்தும் அச்சிடுகின்றனர். சேர்த்தெழுதியதை இருமுறை சொடுக்கினால் கிளவி முழுதும் வரும். பிரித்தெழுதியதில் விண்டோஸ் ஆயினும் மேக் ஆயினும் பொருளற்ற 'சல' ஒன்றே வரும். மூன்றாம் சொடுக்கைச் சேர்த்தால் பத்தி முழுதும் வந்துவிடும். நடுவில் நிற்கும் இரட்டைக்கிளவியைப் பெற வேண்டுமாயின், பொத்தானை அழுத்திப் பிடித்துக் கையால் இழுத்தே எடுக்க வேண்டும்.